படகில் வந்தவர் இவர்தானா? கடற்கொள்ளை மேல்முறையீட்டில் நேரடி சாட்சியின் எடை

கடற்கொள்ளை வழக்கின் மேல்முறையீட்டுத் தீர்ப்பைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஓர் இடம் கட்டாயம் இடறும். கப்பல் ஊழியர்கள் இரண்டு மூன்று பேர் சாட்சிக் கூண்டில் ஏறி, எதிரே நிற்பவர்களைக் கைகாட்டி, "இவர்கள்தான்" என்று சொல்லியிருப்பார்கள். பொய் சொல்ல அவர்களுக்கு எந்தக் காரணமும் இருக்காது. முன்பகை கிடையாது, எதிரே நிற்பவர்கள் சிறைக்குப் போவதால் ஆதாயமும் கிடையாது. குறுக்கு விசாரணையிலும் அசைந்து கொடுத்திருக்க மாட்டார்கள். விசாரணை நீதிபதியும் அவர்களை நம்பித் தண்டனை கொடுத்திருப்பார். மேல்முறையீட்டில் மட்டும் அந்தச் சாட்சியத்தை நம்ப முடியாது என்று ஒதுக்கிவைப்பது எப்படி? சாட்சி பொய் சொன்னார் என்று தீர்ப்பில் எங்குமே எழுதியிருக்காதே.

எழுத வேண்டிய தேவையே இல்லை. ஆளை அடையாளம் காட்டும் சாட்சியத்தில் நீதிமன்றங்கள் அதிகம் அஞ்சுவது பொய்யரைப் பார்த்தல்ல. மனதாரத் தவறாக நம்புகிறவரைப் பார்த்துத்தான். பொய் சொல்பவரைக் குறுக்கு விசாரணையில் மடக்க வழி உண்டு. முன்பு சொன்னதும் இப்போது சொல்வதும் முட்டிக்கொள்ளும், தேவையில்லாத இடத்தில் விவரம் கூடும், தேவையான இடத்தில் மழுப்பல் வரும். தவறாக நம்புகிறவரிடமோ மறைக்க எதுவும் இல்லை. சொல்வதைத் தானே முழுதாக நம்புவதால் குரல் தடுமாறாது, கண் தாழாது. நேர்மையைச் சோதிப்பதற்கென்று உருவான கருவிகள் எல்லாம் இவரிடம் பயனற்றுப் போகின்றன.

இந்தப் பாடத்தை ஆங்கிலேயச் சட்டம் கற்றது அடால்ஃப் பெக் என்பவர் பட்ட பாட்டிலிருந்து. 1896இல் லண்டனில் பல பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, தங்களை ஏமாற்றி நகை பறித்தவர் அவரே என்றார்கள். ஜான் ஸ்மித் என்ற பெயரில் 1877இல் தண்டனை பெற்ற பழைய குற்றவாளியே இவர் என்று வழக்கு போனது. ஸ்மித்துக்கு விருத்தசேதனம் செய்யப்பட்டிருந்தது, பெக்குக்கு இல்லை. சிறைப் பதிவேட்டைப் புரட்டியிருந்தாலே விஷயம் முடிந்திருக்கும். சிறையிலிருந்து வெளியே வந்தவரை 1904இல் மறுபடியும் பெண்கள் அடையாளம் காட்டினார்கள், மறுபடியும் குற்றவாளி என்று தீர்ப்பானது. அவர் சிறையில் தண்டனை விவரத்துக்குக் காத்திருந்தபோதே உண்மையான ஆள் வேறொரு மோசடியில் பிடிபட்டதால்தான் தப்பினார். அதுவரை இங்கிலாந்தில் குற்றவியல் தண்டனைக்கு எதிராக முறையான மேல்முறையீட்டு நீதிமன்றமே கிடையாது. 1907இல் அதற்கான சட்டம் வந்ததற்குப் பெக்கின் வழக்கு ஒரு முக்கியக் காரணம். குற்றவியல் மேல்முறையீடு என்ற அமைப்பின் பிறப்பிலேயே நேரடி சாட்சியின் தவறு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இனி கடலுக்குப் போவோம். ஒரு கற்பனை வழக்கை வைத்துக்கொள்ளலாம். விடிந்தும் விடியாத நேரம். சரக்குக் கப்பல் ஒன்றை இரண்டு ஸ்கிஃப் படகுகள் துரத்துகின்றன. இவை சிறிய, வேகமான, மேற்கூரையில்லாத மோட்டார் படகுகள். ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஒருவர் கையில் துப்பாக்கி. ஒரு படகில் கொக்கி வைத்த ஏணி. இருபது நிமிடம் துரத்துகிறார்கள், சுடுகிறார்கள், ஏணியை மாட்டப் பார்க்கிறார்கள், முடியாமல் பின்வாங்குகிறார்கள். மூன்று மணி நேரம் கழித்து நாற்பது கடல் மைலுக்கு அப்பால் ஒரு போர்க்கப்பல் இரண்டு ஸ்கிஃப்களை மடக்குகிறது. அவற்றில் எரிபொருள் பீப்பாய்கள், தண்ணீர், கொஞ்சம் வலை. ஆயுதம் இல்லை. ஏணியும் இல்லை. பிடிபட்டவர்கள் தாங்கள் மீனவர்கள் என்கிறார்கள்.

ஏணியையும் துப்பாக்கியையும் கடலில் வீசியிருக்கலாம். அப்படி வீசுவது வழக்கம்தான். உண்மையிலேயே மீனவர்களாகவும் இருக்கலாம். கொள்ளை எதுவும் நடக்கவில்லையே, பிறகென்ன வழக்கு என்று கேட்க வேண்டாம். 1931இல் தென்சீனக் கடலில் ஒரு சரக்குப் படகைத் துரத்தித் தாக்கியவர்கள்மீது ஹாங்காங்கில் வழக்கு நடந்தது. கொள்ளையடிக்காமலே அது கடற்கொள்ளை ஆகுமா என்ற கேள்வி காலனி வழக்குகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. ஆகும், கொள்ளையடிக்க முயன்று தோற்றாலும் போதும் என்று 1934இல் பதில் வந்தது. கப்பல்களின் பாதுகாப்புக்கு இது நல்ல பதில். ஆனால் இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பொருள் பறிபோன வழக்கில் கையில் சிக்கிய பொருளே பேசும். பறிபோகாத வழக்கில் பேசுவதற்கு இருப்பது மேலே நின்று பார்த்தவரின் கண் மட்டும்தான்.

அந்தக் கண் எப்படிப்பட்ட கண்? கப்பல்களுக்கான பாதுகாப்பு வழிகாட்டல்படி, தாக்குதல் தொடங்கியதும் ஊழியர்களில் பெரும்பாலோர் உள்ளே ஒரு பாதுகாப்பு அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வார்கள். எனவே இருபது பேர் உள்ள கப்பலில் தாக்கியவர்களைப் பார்த்தவர்கள் பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையில், நின்ற மூன்று நான்கு பேராகத்தான் இருப்பார்கள். அவர்களும் குனிந்தும் ஒளிந்தும் சுக்கானைக் கவனித்தும் இடையிடையே பார்த்தவர்கள். பார்த்தது மேலிருந்து கீழே, குதிக்கும் படகுக்குள், தலையில் துணி சுற்றிய முகங்களை.

நெதர்லாந்து உளவியலாளர் வாகனாரும் அவரது சக ஆய்வாளரும் 1996இல் நீதிமன்றப் பயன்பாட்டுக்கென்றே ஓர் எளிய அளவுகோல் தந்தார்கள்: பதினைந்து மீட்டருக்குள், பதினைந்து லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்துக்கு மேல் இருந்தால் முன்பின் தெரியாத முகத்தை அடையாளம் காண்பதை ஓரளவு நம்பலாம். முழுநிலவு தருவது ஒரு லக்ஸில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய கப்பலின் பிரிட்ஜ் இறக்கையில் (பிரிட்ஜின் இருபுறமும் நீளும் திறந்த பகுதியில்) நிற்பவருக்கும் கீழே நீர்மட்டத்தில் ஓடும் படகுக்கும் இடையே செங்குத்து உயரமே பதினைந்து மீட்டரைத் தாண்டிவிடும். பைனாகுலர் தூரத்தைக் குறைக்கும். ஆடும் கப்பலில் ஆடும் படகை அதில் பிடித்து நிறுத்துவது வேறு கதை.

தூரமும் வெளிச்சமும் கண்ணைப் பற்றியவை. அச்சமோ நினைவையே தொடுகிறது. "அந்த முகத்தைச் சாகும்வரை மறக்கமாட்டேன், அவ்வளவு பயந்துபோனேன்" என்று சாட்சி சொல்லும்போது கேட்பவர்கள் அதை நினைவுக்கு ஆதரவான காரணமாக எடுத்துக்கொள்கிறோம். ஆய்வு காட்டுவது நேர்மாறானது. அமெரிக்காவில், போர்க்கைதியாகச் சிக்கினால் தாங்குவதற்கு ராணுவத்தினரைப் பழக்கும் பயிற்சி முகாமில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2004இல் வெளியானது. அடிதடியும் மிரட்டலுமாகக் கடும் அழுத்தம் கொடுத்து விசாரித்தவரை, மறுநாள் நேரில் வரிசையாக நின்றவர்களில் சரியாகச் சுட்டியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மென்மையாக விசாரித்தவரைச் சுட்டியவர்கள் ஏறத்தாழ அதன் இருமடங்கு. இவர்கள் பயிற்சி பெற்ற வீரர்கள்; பார்த்ததோ அரை மணி நேரத்துக்கும் மேல், முகத்துக்கு முகம். சரக்குக் கப்பல் மாலுமியிடம் இதைவிட அதிகம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

துப்பாக்கி இருந்தால் பார்வை அதன்மீதே நிலைக்கும், பிடித்திருப்பவரின் முகத்துக்குக் குறைவாகவே போகும். வேற்று இனத்தவரின் முகங்களைப் பிரித்தறிவதில் எல்லா இனத்தவருமே பின்தங்குகிறார்கள் என்பது 1969 முதல் திரும்பத் திரும்ப உறுதியான முடிவு. கடற்கொள்ளை வழக்குகளில் இது விதிவிலக்கல்ல, வழக்கமே அதுதான். பிலிப்பைன்ஸ் மாலுமி சோமாலியரை அடையாளம் காட்டுகிறார், ஜப்பானியக் கேப்டன் இந்தோனேசியரை அடையாளம் காட்டுகிறார்.

எதிர்பார்ப்பின் வேலையைத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. 2012 பிப்ரவரியில் என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலின் பாதுகாவலர்கள், நெருங்கி வந்த படகைக் கடற்கொள்ளையர் படகு என்று கருதிச் சுட்டதாகச் சொன்னார்கள். அது செயின்ட் ஆண்டனி என்ற மீன்பிடிப் படகு. இரண்டு மீனவர்கள் செத்தார்கள். கொள்ளையரை எதிர்பார்த்து நிற்பவருக்குக் கடலில் மிதப்பதெல்லாம் கொள்ளையர் படகாகத் தோன்ற முடியும். தோன்றிய பிறகு, ஏணி இருந்ததாகவும் ஆயுதம் இருந்ததாகவும் நினைவு தானே நிரப்பிக்கொள்ளவும் கூடும்.

பார்த்த நேரத்துக்கும் கைகாட்டிய நேரத்துக்கும் நடுவே

என்னைக் கேட்டால், கடற்கொள்ளை வழக்குகளில் அடையாளம் கெட்டுப்போவது பெரும்பாலும் பார்த்த நேரத்தில் அல்ல, அதற்குப் பிந்தைய சில மணி நேரங்களில். நம் கற்பனை வழக்கில் போர்க்கப்பல் என்ன செய்யும்? பிடித்தவர்களை மேல்தளத்தில் மண்டியிடவைத்து, கைகளைக் கட்டி, எண் ஒட்டிப் படமெடுக்கும். அந்தப் படங்களைச் சரக்குக் கப்பலுக்கு அனுப்பி "இவர்கள்தானா?" என்று கேட்கும். கேட்கும் முறையிலேயே பதில் இருக்கிறது. கடற்படை பிடித்துவிட்டது, கைகள் கட்டியாகிவிட்டது, வேறு யாராக இருக்க முடியும்?

மாலுமி ஆமாம் என்கிறார். ஓராண்டு கழித்து நீதிமன்றத்தில் அதே முகங்களைப் பார்க்கும்போது அவருக்கு உண்மையாகவே பழகிய முகமாகத் தெரிகிறது. ஆனால் அவர் நினைவில் எழும் முகம் தாக்குதலில் கண்டதா, படத்தில் கண்டதா? இதை அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. "சரியான ஆளைத்தான் காட்டினீர்கள்" என்று அதிகாரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சாட்சியின் உறுதி கூடுவதோடு, நன்றாகப் பார்த்தேன், நெடுநேரம் பார்த்தேன் என்று பழைய நினைவும் மாறிப்போகிறது என்பதை 1998இல் வெல்ஸ், பிராட்ஃபீல்ட் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இதற்காகத்தான் இந்தியச் சட்டத்தில் அடையாள அணிவகுப்பு இருக்கிறது. சந்தேக நபரைத் தோற்றத்தில் ஒத்த பலரோடு நிறுத்தி, யார் சந்தேக நபர் என்ற குறிப்பே தராமல் சாட்சியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அது. முன்பின் தெரியாத ஒருவரை அணிவகுப்பில்லாமல் முதன்முதலாக நீதிமன்றத்திலேயே அடையாளம் காட்டினால் அதற்கு மதிப்பே இல்லை என்று 1979இல் கண்ணன் எதிர் கேரள அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு 2003இல் மல்கான்சிங் வழக்கில் அந்தக் கண்டிப்பு தளர்ந்தது: நீதிமன்றத்தில் காட்டுவதே அடிப்படைச் சாட்சியம், அணிவகுப்பு அதற்கு வலுச்சேர்ப்பது மட்டுமே, தகுந்த வழக்கில் அது இல்லாமலும் ஏற்கலாம். கரையில் நடக்கும் வழிப்பறி வழக்குக்கு இந்தத் தளர்வு பொருந்தக்கூடும். கடலில், மேலே சொன்ன படங்களுக்குப் பிறகு, அதைப் பொருத்துவதற்கு எனக்குத் தயக்கம்தான்.

இதில் ஒரு வகை வழக்குகளைத் தனியே வைக்க வேண்டும். கப்பலைக் கைப்பற்றி ஊழியர்களை மாதக்கணக்கில் பிணையாக வைத்திருந்த வழக்குகள் அவை. அங்கே முகம் தெரியாது என்ற வாதம் எடுபடாது. காவல் இருந்தவர்களோடு சேர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் முளைக்கும்: முதல்நாள் ஏறியவர் யார், பின்னால் கரையிலிருந்து காவலுக்கு வந்து சேர்ந்தவர் யார், அடித்தவர் யார், சோறு பொங்கியவர் யார். முகம் சரியாக இருக்கும், செயல் இடம் மாறிப் போயிருக்கும்.

மேல்முறையீடு எதைத் திரும்பப் பார்க்கிறது

மேல்முறையீட்டு நீதிபதிகள் சாட்சிகளை நேரில் பார்ப்பதில்லை; காகிதத்தைத்தான் படிக்கிறார்கள். அதனால் சாட்சியின் நேர்மையைப் பொறுத்தவரை விசாரணை நீதிபதியின் கணிப்பை எளிதில் கலைக்க மாட்டார்கள். இது பொது விதி. ஆனால் அடையாளத்தில் தவறு நேர்மையில் இல்லை, சூழலில் இருக்கிறது. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், என்ன வெளிச்சம், நடுவில் என்ன மறைத்தது, முதலில் சொன்ன வர்ணனை என்ன, முதன்முதல் எப்போது எப்படி அடையாளம் காட்டினார் என்பதெல்லாம் காகிதத்திலேயே இருக்கும். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் மேல் நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்தைவிடக் குறைந்த இடத்தில் நிற்கவில்லை. தொடக்கத்தில் கேட்ட குழப்பத்துக்கு விடை இங்கேதான்.

1976இல் இங்கிலாந்தின் டர்ன்புல் தீர்ப்பு இந்தக் கேள்விகளை ஒரு கட்டாயமாகவே ஆக்கியது. தவறாக நம்பும் சாட்சி மிகவும் நம்பத்தகுந்தவராகத் தோன்றலாம், பல சாட்சிகளும் ஒரே தவறைச் செய்யலாம் என்று ஜூரிக்கு எச்சரிக்கை தர வேண்டும். சாட்சியத்தின் தரம் மோசமாக இருந்து வேறு ஆதாரமும் இல்லையென்றால் வழக்கை ஜூரியிடம் விடாமலே நிறுத்த வேண்டும். அந்த எச்சரிக்கை விடுபட்டதே மேல்முறையீட்டுக்குப் போதுமான காரணமாகிவிடலாம். கடற்படைகள் பிடித்த சோமாலியர்கள் பலர் விசாரிக்கப்பட்ட கென்யாவில் இதற்கும் முந்தைய மரபு உண்டு: 1953இல் அப்தல்லா பின் வெண்டோ வழக்கில் கிழக்கு ஆப்பிரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், கடினமான சூழலில் பார்த்த ஒற்றைச் சாட்சியை மிகுந்த எச்சரிக்கையோடு சோதிக்கச் சொன்னது. இந்தியாவில் 1957இல் வடிவேலு தேவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிகளை முழுதும் நம்பத்தக்கவர், முழுதும் நம்பத்தகாதவர், இரண்டுக்கும் இடைப்பட்டவர் என்று மூன்றாகப் பிரித்தது. மூன்றாவது வகைக்குத்தான் வேறு ஆதாரத்தின் துணை வேண்டும். விடியலில் படகைப் பார்த்த நம் மாலுமி இந்த மூன்றாம் வகை.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972இல் வகுத்த பட்டியலில், அடையாளம் காட்டிய நேரத்தில் சாட்சி எவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்பதும் ஓர் அளவுகோல். முதன்முதல் அடையாளம் காட்டிய கணத்து உறுதியென்றால் அதற்கு ஓரளவு பொருள் உண்டு. விசாரணைக் கூண்டில் காட்டும் உறுதிக்கு அநேகமாக எதுவுமில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் விடுவது பெரிய குறை என்பதே என் எண்ணம்.

படகு வேறு, ஆள் வேறு

கற்பனை வழக்குக்குத் திரும்புவோம். இங்கே அடையாளம் என்று ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று கேள்விகள். தாக்கிய படகு இதுதானா? அதில் இருந்த ஆள் இவர்தானா? அவர் செய்தது இதுதானா? கூட்டாகச் செய்யும் குற்றத்தில் பொது நோக்கம் என்ற சட்டக் கொள்கை கைகொடுக்கும்: தாக்கிய படகில் கூட்டாளியாக இருந்தார் என்று நிரூபித்தால் போதும், துப்பாக்கி யார் கையில் இருந்தது என்பது தேவையில்லை. எனவே படகை உறுதியாகப் பிணைக்க முடிந்தால் முகங்களைப் பற்றிய தகராறு முக்கால்வாசி கரைந்துவிடும்.

பிணைப்பது எப்படி? ஹெலிகாப்டர் ஒன்று தாக்குதல் நின்ற நொடியிலிருந்து கைதுவரை படகைப் பார்வையில் இருந்து விடாமல் படமெடுத்திருந்தால் வழக்கு அங்கேயே முடிந்தது. மாலுமி யாரையும் அடையாளம் காட்டத் தேவையே இல்லை. நம் வழக்கில் அப்படியில்லை, மூன்று மணி நேர இடைவெளி. அந்த வேளையில் அந்தக் கடற்பரப்பில் எத்தனை ஸ்கிஃப்கள் இருந்தன என்பதே மையக் கேள்வி. பதிவு பெற்ற பெரிய கப்பலுக்கு ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண் உண்டு. பெயரை மாற்றினாலும் கொடியை மாற்றினாலும் அது மாறாது. 1999இல் மலாக்கா நீரிணைப் பகுதியில் கடத்தப்பட்டு, மெகா ராமா என்ற புதுப் பெயரோடு அரபிக்கடலில் இந்தியக் கடற்படையும் கடலோரக் காவல்படையும் பிடித்த அலோண்ட்ரா ரெயின்போ கப்பலைப் போல, வண்ணப்பூச்சுக்குக் கீழே பழைய அடையாளம் தேட இடமிருக்கும். ஸ்கிஃப்புக்கு எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. வெள்ளைப் படகு, நீலப் படகு, அவ்வளவுதான்.

அதனால் மற்ற தடயங்களைத் தேட வேண்டும். கப்பலின் பக்கவாட்டில் ஏணிக் கொக்கி உரசிய வண்ணம், படகில் சிக்கிய காலித் தோட்டா உறை, ரேடார் பதிவு, பிடிபட்டவர்களின் ஜிபிஎஸ் கருவியில் உள்ள வழித்தடம். பிரிட்ஜில் பேசியதையும் ரேடார் திரையையும் பதிவு செய்யும் கருவி கப்பலிலேயே இருக்கிறது, ஆனால் உடனே சேமிக்காவிட்டால் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். தாக்குதல் முடிந்து மூச்சு வாங்கும் வேளையில் யாராவது ஒருவர் அந்தப் பொத்தானை அழுத்த நினைவு வைத்திருந்தாரா என்பதில் நாலைந்து பேரின் பத்தாண்டு வாழ்க்கை தொங்குகிறது. இந்தியாவின் 2022ஆம் ஆண்டு கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் இன்னொரு வழியும் வைத்திருக்கிறது: பிடிபட்டவரிடம் ஆயுதமும் தளவாடமும் சிக்கி, அவை குற்றத்துக்குப் பயன்பட்டதாக நம்ப இடமிருந்தால், குற்றம் செய்ததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம், மறுத்து நிரூபிப்பது அவர் பொறுப்பு. பொருளை நம்பு, கண்ணைக் குறைத்து நம்பு என்ற திசையில் இது சரிதான். மீனவர்களும் ஆயுதம் வைத்திருக்கும் கடல்களில் சுமை மாறுவது எங்கே போய் முடியும் என்பது வேறு கவலை.

கற்பனை வழக்கில் இவை எதுவும் இல்லை என்று வையுங்கள். படங்களை அனுப்பிக் கேட்ட அடையாளம், மூன்று மணி நேர இடைவெளி, வெறும் படகுகள். மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் இரண்டு வழிகள்: விடுதலை, அல்லது மறுவிசாரணை. கடற்கொள்ளையில் மறுவிசாரணை எளிதல்ல. ஒப்பந்தம் முடிந்து மாலுமிகள் வெவ்வேறு கப்பல்களில் வெவ்வேறு கடல்களில் இருப்பார்கள். ஒருவரை அழைத்துவர ஒரு நாட்டின் தூதரகமும் ஒரு கப்பல் நிறுவனமும் ஒத்துழைக்க வேண்டும். வந்தாலும் அவர் கொண்டுவருவது இன்னும் நாலைந்து வயது கூடிய நினைவு. அதில் இப்போது முதல் விசாரணையின் கூண்டும் சேர்ந்திருக்கும். பழுதான அடையாளத்தைத் திருத்த மறுவிசாரணையால் முடியாது என்பதால், வேறு ஆதாரம் இல்லாதபோது சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவிப்பதே மிஞ்சுகிறது. விடுவிக்கப்பட்டவர்கள் பிடிபட்ட நாட்டில் விசா இல்லாமல், ஊருக்கு அனுப்ப ஆளில்லாமல், சிறைவாசலில் நிற்பது அதற்கடுத்த வழக்கு.